இடுப்பில் ஒரு புது மூட்டு

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பார்கள். அந்தச் சிரசு நினைத்த இடத்துக்கு உடம்பைக் கொண்டு சேர்ப்பது இடுப்பு மூட்டு என்பதை என் இருபத்தாறாம் வயதில் கற்றுக்கொண்டேன். 2023 நவம்பரில் இந்தத் தில்லி மாநகரத்து மருத்துவமனை ஒன்றில் என் வலது இடுப்பு மூட்டை அகற்றி, அதனிடத்தில் செயற்கை மூட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அக்கதையை எழுதும் எண்ணம் எனக்கு இதுவரை இருந்ததில்லை. சென்ற மாதம் விடுதியில் முதலாண்டு மாணவத் தம்பி ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். "தொடையிடுக்கில் வலி, அண்ணா. இரண்டு மாதமாகத் தைலம் தடவுகிறேன்" என்றார். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூட்டு மாற்றுவது பாட்டன் பாட்டிமாருக்கு அன்றோ என்று எண்ணும் நண்பர்கள் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான்.

நோயின் வேர்

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அப்பந்து பொருந்தும் கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இந்த மூட்டின்மேல் விழும் பாரம் எவ்வளவு தெரியுமா? உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு! உடல் மறுபக்கம் சரியாமல் இருக்க, இடுப்பின் பக்கத்துத் தசை மூட்டுக்கு மிக அருகில் நின்று இழுக்கவேண்டியிருக்கிறது. நெம்புகோலின் குட்டையான கையில் நின்று இழுப்பவன் மிகுந்த வலிமையுடன் இழுத்தாகவேண்டும் அல்லவா? அந்த இழுப்பும் உடலின் எடையும் சேர்ந்து பந்தின்மேல் விழுகின்றன. நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் ஒற்றைக் கால் நிலையே.

இவ்வளவு பாரம் சுமக்கும் பந்துக்கு இரத்தம் செல்லும் வழியோ மிகக் குறுகியது. எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறும் சில நுண்ணிய குழாய்களே முதன்மையான வழி. அவை அடைபட்டால் பந்தின் எலும்பு மடிந்துபோகும். மடிந்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை. நடக்க நடக்க, சில மாதங்களில் அமுங்கிவிடும். தொடை எலும்பின் கழுத்து முறிதல், மூட்டு பிசகுதல், மிகுதியான குடி, அரிவாளணு இரத்தசோகை, ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் உட்கொள்ளல் ஆகியன இதற்கு அறியப்பட்ட காரணங்கள். காரணம் புலப்படாமலும் வருவதுண்டு. நம் நாட்டில் இளைஞர்கள் மூட்டு மாற்றிக்கொள்ள நேர்வதற்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம்.

என் கதை இது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் நுரையீரல் பழுதுற்றுக் கிடந்தேன். மூச்சைத் திருப்பித் தந்தவற்றுள் ஸ்டீராய்டும் ஒன்று. அம்மருந்தை நான் இகழமாட்டேன். அஃது இல்லையேல் இன்று இவ்வெழுத்தும் இல்லை. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கிற்று. நானோ நிலவியல் மாணவன். அரவல்லிக் குன்றுகளில் ஏறி இறங்குவது அன்றாடத் தொழில். "பாறை மிதித்த வலி" என்று விட்டுவிட்டேன். பின்பு ஒரு மருத்துவ நிலையத்தில் முழங்காலைப் படம் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று கூறி வலி மாத்திரை தந்தனர். ஏழு மாதங்கள் இவ்வாறே கழிந்தன.

உண்மையில் முழங்காலில் ஒன்றும் இல்லைதான்! இடுப்பு மூட்டுக்குக் கிளை அனுப்பும் நரம்பே முழங்காலுக்கும் கிளை அனுப்புகிறது. ஆகவே மேலே நோய் இருக்கக் கீழே வலி தோன்றும். கடைசியில் காலுறை மாட்டக்கூடக் குனிய முடியாமற்போன நாளில்தான் வேறொரு டாக்டர் என் தொடையைப் பிடித்து உள்நோக்கித் திருப்பிப் பார்த்தார். நான் அலறிவிட்டேன். எம்.ஆர்.ஐ. படத்தில் பந்து அமுங்கியிருந்தது தெரிந்தது. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிறு சிகிச்சையால் மூட்டைக் காக்க முயன்றிருக்கலாம். அமுங்கிய பின் அவ்வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை.

ஸ்டீராய்டு உட்கொள்வோர் இதைப் படித்து அஞ்சி, மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் கேளுங்கள், தொடையிடுக்கில் வலி வந்தால் உடனே சொல்லுங்கள்.

தந்தம் முதல் டைட்டானியம் வரை

மூட்டை மாற்றும் முயற்சி நெடுங்காலத்தது. பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக் என்பவர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பார்த்தார். 1923-இல் பாஸ்டனில் சுமித்-பீட்டர்சன் என்பார் பந்தின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார், கண்ணாடி உடைந்தது. 1938-இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் துருவேறா எஃகினால் பந்து, கிண்ணம் இரண்டையும் பொருத்தினார்.

இன்றைய மூட்டுக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவர் முதலில் டெஃப்லானால் கிண்ணம் செய்தார். அது தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றுத் தசையைப் புண்படுத்தின. பலருக்கு அதை எடுக்கவேண்டி வந்தது. மனம் தளராத அவர் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனைத் தேர்ந்தார்; அதன் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்த பின்னரே, 1962 நவம்பரில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். பாலிஎத்திலீன் கிண்ணம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. என் மூட்டில் தொடைக்குள் செல்லும் தண்டு டைட்டானியம், பந்து பீங்கான், கிண்ணத்தின் உட்புறம் பாலிஎத்திலீன். சிமெண்டு வைக்கவில்லை. தண்டின் சொரசொரப்பான மேற்பரப்பில் என் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில்

இரத்தம் தர ஆள் வேண்டும் என்றனர். ஊர் அம்பாசமுத்திரம், உறவினர் யாரும் இங்கில்லை. செய்தி போன ஒரு மணி நேரத்தில் நம் சங்கத்தார் ஐவர் வந்து நின்றனர். இருவரிடம் இரத்தம் எடுத்துக்கொண்டனர். மற்ற மூவர் இரவுக் காவலைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரு சொல் இந்தி அறியாத என் தாயார் மூன்றாம் நாள் இரயிலில் வந்து சேர்ந்தார்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தனர். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வலி சிறிதும் இல்லை. ஆனால் சுத்தியல் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது. பாறையை உடைத்துப் பழகிய எனக்கு, இப்பொழுது யார் பாறை, யார் ஆராய்ச்சியாளர் என்னும் ஐயம் எழுந்தது!

கண் விழித்தபோது இரு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை. பின்புறமாகத் திறந்து செய்யும் முறையில் மூன்று விலக்குகள் உண்டு: இடுப்பைச் செங்கோணத்துக்குமேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பக் கூடாது. மீறினால், தசை ஆறுவதற்கு முன் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவிவிடலாம். முன்புறமாகச் செய்பவர்களுக்கு விதிகள் சிறிது வேறுபடும்.

அன்று மாலையே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால் இரத்தம் தேங்காது, தேங்கினால் உறையும், உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே உலை. அதற்காகவே இரத்தம் உறையாதிருக்க மருந்தும் தந்தனர்.

மறுநாட் காலை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னபோது நடுங்கிவிட்டேன். புதுக் கால் என் கால்தானா என்று தெரியவில்லை. "எய்யா, மெல்ல. பிறந்த பிள்ளை ஒரு வருசம் கழிச்சில்ல நடக்கும், நீ ஒரு நாளையிலே நிக்கே" என்றார் அம்மா. நான்கு அடி நடந்தேன். பழைய வலி, பல மாதங்களாக என்னுடன் உறங்கி எழுந்த அந்த ஆழ்ந்த வலி, இல்லை! வெட்டிய இடத்து வலிதான் இருந்தது. அது நாளுக்கு நாள் குறையும் வலி என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன்.

படியேறப் பயிற்சி தந்த அம்மையார் இந்தியில் கூறியதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில். கைத்தடி பிடிக்கும் முறையும் சொல்லித் தந்தார். நோயுற்ற பக்கம் பிடிப்பதே இயல்பு என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. வலது இடுப்புக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். மூட்டிலிருந்து தொலைவில் ஊன்றும் தடி நெம்புகோலின் நீண்ட கையாகிறது. ஆதலால் சிறிதளவு ஊன்றினாலும் இடுப்புத் தசையின் சுமை பெரிதும் குறைகிறது.

அறைக்குத் திரும்பியபின்

ஐந்தாம் நாள் வெளியே அனுப்பினர். உண்மையான சோதனை அதன் பின்தான். நம் வாழ்க்கையோ தரையோடு ஒட்டியது. தரையில் உண்கிறோம், தரையில் படுக்கிறோம், குந்தியமர்ந்தே காலைக்கடன் கழிக்கிறோம். இவை அனைத்தும் எனக்கு விலக்கு! விடுதிக் கழிப்பறை உதவாது. நண்பர்கள் அருகில் தரைத்தளத்து அறை ஒன்றைப் பிடித்து, நடுவே துளையிட்ட கழிப்பறை நாற்காலி ஒன்றை வாடகைக்குக் கொணர்ந்தனர். கட்டிலின் கால்களுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினர். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, இரவு விளக்கு, ஈரமில்லாத தரை, காலில் தடுக்காத மின்கம்பி: இந்நான்கும் மருந்துக்கு இணையானவை. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கக் கூடாதென்பதால் அம்மா ஒரு கம்பில் கொக்கி கட்டித் தந்தார். எங்களூரில் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியின் தம்பி அது.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தனர். நான்கு வாரம் வாக்கர், பிறகு கைத்தடி. காலை, மாலை பயிற்சி: படுத்தவாறே பிட்டத் தசையை இறுக்கித் தளர்த்தல், காலைப் பக்கவாட்டில் அகற்றுதல், நின்று தொடையைப் பின்னுக்கு நீட்டல். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் ஒரு நாள் விட்டால் மறுநாள் நடை சாய்ந்துவிடுகிறது. வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். தண்ணீரும் கீரையும் பழமும் உதவும்.

வீட்டில் இருப்போர் கவனிக்க வேண்டிய அபாயக் குறிகள் சில. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், புண்ணில் நீர் கசிதல், காய்ச்சல்: இவை தோன்றினால் அன்றே டாக்டரிடம் செல்க. திடீரென மூச்சுத் திணறினாலும், கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு தாங்கொணா வலி எடுத்தாலும் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைக.

உடலைவிட மனம் ஆறுவதே கடினம். நள்ளிரவில் நீர் கழிக்க அம்மாவை எழுப்ப நேரும்போதெல்லாம் கூசினேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று ஒரு கடிதம்கூட எழுதினேன், அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை தெரியுமா? எட்டாம் வாரம் நம் சங்கத்துப் பொங்கல் விழா. தரையில் இலை போட்டுப் பந்தி நடக்கும். நான் எங்ஙனம் உட்காருவேன் என்று தயங்கியவாறே கைத்தடியுடன் சென்றேன். அங்கே பந்தி முழுவதும் மேசைமீது போடப்பட்டிருந்தது. எனக்கென்று தனி மேசை இல்லை, எல்லாருக்கும் மேசை. யாரும் காரணம் சொல்லவில்லை. அன்றிரவு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இன்று மீண்டும் குன்றேறுகிறேன். குதிப்பதில்லை, பெருஞ்சுமை தூக்குவதில்லை, குந்துவதில்லை. மெட்ரோ நிலையத்துச் சோதனை வாயில் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துக் கூவுகிறது, காவலர்களுக்கும் பழகிவிட்டது. இந்த மூட்டு என்றைக்கும் நிலைக்குமா? 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, நூறு மூட்டுகளில் ஏறத்தாழ 58 மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டுகள் தாங்குகின்றன. என் வயதைக் கணக்கிட்டால் இன்னோர் அறுவை எனக்குக் காத்திருக்கலாம். அதை அறிந்தே நடக்கிறேன்.

தைலம் தடவிய தம்பியை மறுநாளே நான் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். படம் எடுத்தார்கள். நல்லவேளையாகத் தசைப் பிடிப்புத்தான். "வீணாகப் பயமுறுத்திவிட்டீர்களே, அண்ணா!" என்று அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அப்படிச் சிரிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரத்தம் தர இசைவோர், மருத்துவமனையில் ஓர் இரவு தங்க இசைவோர், இந்தியறியாத பெற்றோருக்குத் துணை நிற்போர் ஆகியோர் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் நம் சங்கம் எழுதி வைக்கட்டும். அடுத்து யாருக்குத் தேவைப்படுமோ, யார் கண்டார்? முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்க.