பாசி தின்னும் கடல் நத்தை

பசுந்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும், விலங்குகள் செய்யா என்று கற்பிக்கிறோம். இதற்கு விலக்குபோலத் தோன்றுவது, கரீபியக் கடலில் வாழும் எலிசியா கிறிஸ்பேட்டா என்னும் ஓடற்ற நத்தை. பாசியின் சாற்றை உறிஞ்சும் இது, அதிலுள்ள பசுங்கணிகங்களைச் செரிக்காமல் உடலில் சேமிக்கிறது. அவை அங்கும் சில காலம் ஒளிச்சேர்க்கை செய்கின்றன.

முதுகில் லெட்டூஸ் கீரைபோல் சுருண்ட மடிப்புகளும் தலையில் இரு உணர்கொம்புகளும் இதன் அடையாளம். வீட்டுப் பவளத் தொட்டிகளில் பிரையோப்சிஸ் என்னும் பாசியைக் கட்டுப்படுத்த இதை வளர்க்கின்றனர். நீரேற்றியின் வாயை வலையால் மூடாவிட்டால் நத்தை உள்ளே இழுக்கப்பட்டு இறந்துவிடும். பாசி தீர்ந்தபின் வெளிச்சம் மட்டும் போதாது. கணிகங்கள் செயலிழக்க, நத்தை மெலிந்து மடியும். தனிக் கலத்தில் பாசி வளர்த்துத் தரவேண்டும்.

கணிகங்கள் முட்டைவழி குஞ்சுகளுக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தின்றே பெறுகிறது. அப்படியானால் இது தற்சார்பு உயிரியா, பிறசார்பு உயிரியா? மாணவர்களை விவாதிக்கச் செய்யுங்கள்.