‘பரோ’ என்னும் குடும்பப் பெயரும் ஆள் அடையாளமும்

தமிழியல் ஆய்வில் ‘பரோ’ என்றதும் நினைவுக்கு வருபவர் தாமஸ் பரோ (1909–1986). ஆக்ஸ்ஃபோர்டில் 1944 முதல் 1976 வரை சமஸ்கிருதப் பேராசிரியராக விளங்கிய இவர், எமனோவுடன் இணைந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961இல் வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. எனினும், ஆங்கிலேயரிடையே அருகி வழங்கும் இக்குடும்பப் பெயர் இவர் ஒருவர்க்கே உரியதன்று.

இந்தியவியலிலேயே மற்றொரு பரோ உளர். இந்தியாவில் பணியாற்றிய கணித அறிஞர் ரூபன் பரோ (1747–1792), ஈருறுப்புத் தேற்றத்தை இந்துக்கள் அறிந்திருந்தனர் என நிறுவ முயன்ற கட்டுரையைக் கல்கத்தாவின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் 1790இல் வெளியிட்டார். இவ்விருவர் கருத்துகளும் ‘பரோ கூறுவார்’ என்ற ஒரே தொடரால் சுட்டப்படின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி மறைந்துவிடும்.

முதற்பெயரைச் சேர்ப்பதும் எப்போதும் போதாது. இடைக்கால ஆங்கில இலக்கிய ஆய்வாளர் ஜே.ஏ. பரோ, சிந்தனை வரலாற்றாசிரியர் ஜே.டபிள்யூ. பரோ ஆகிய இருவரும் ஜான் என்னும் பெயரினர், சமகாலத்தவர்.

எழுத்துப்பெயர்ப்பும் மயக்கம் தரும். நியூட்டனுக்கு முன் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராயிருந்த ஐசக் பாரோவின் குடும்பப் பெயர் வேறு. ஆங்கிலத்தில் முதல் உயிரெழுத்தால் வேறுபடுவது. அதனையும் ‘பரோ’ என எழுதின் அவ்வேறுபாடு அழியும்.

எனவே, மேற்கோளாட்சியில் முதல் முறை சுட்டும்போதேனும் முழுப்பெயர், வாழ்ந்த காலம், துறை ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். குடும்பப் பெயரின் ஒப்புமை ஆள் ஒருமைக்கோ உறவுக்கோ சான்றாகாது.