இலையிலிருந்து படிகம் வரை

சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியில் எம்.எஸ்ஸி. மாணவர் பெரும்பாலும் நூல்களில் உள்ளதைக் கற்கிறார். ஆராய்ச்சி மாணவரோ நூல்களில் இல்லாத ஒன்றைக் கண்டு, அதைப் பிறர் ஒப்புக்கொள்ளுமாறு நிறுவவேண்டியவராகிறார். இவ்வேறுபாட்டை விளக்கக் கல்கத்தா சர்வகலாசாலையின் வரலாற்றில் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு.

1938-ல் அங்கு எம்.எஸ்ஸி. பட்டம் பெற்ற அசீமா முகர்ஜி, பிற்காலத்தில் அசீமா சாட்டர்ஜி என அறியப்பெற்றவர். சர்ப்பகந்தியின் இனத்தைச் சேர்ந்த ராவுல்பியா கனெசென்ஸ் என்னும் செடியை அவர் ஆராய்ந்து, ராவுல்சின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்.

ஆல்கலாய்டு என்பது தாவரங்களில் காணப்படும், நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட பொருளாகும். அதைப் பிரிக்கும் பொதுவான முறை ஒன்று வருமாறு: உலர்த்திப் பொடித்த செடியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்பர். வடித்ததை வற்றச்செய்து நீர்த்த அமிலம் சேர்த்தால், ஆல்கலாய்டு உப்பாக மாறி நீரில் கரையும். பிசினும் கொழுப்பும் கரையாமல் ஒதுங்கும். அக்கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் ஆல்கலாய்டு மீண்டும் விடுபடும். அதைக் குளோரோபாரத்தில் கரைத்தெடுத்துப் படிகமாக்குவர். உருகுநிலை மேலும் மாறாது நிலைபெறும் வரை படிகமாக்குதல் திரும்பத் திரும்ப நடைபெறும். இதன் பின்னரே அணுக்களின் அமைப்பை அறியும் நெடும்பணி தொடங்குகிறது.

இத்தகைய தாவரப் பொருள் ஆராய்ச்சிக்காக அசீமா 1944-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியச் சர்வகலாசாலை ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1961-ல் பட்நாகர் பரிசு பெற்றார். 1962 முதல் 1982 வரை கல்கத்தாவில் கைரா பேராசிரியராக விளங்கி, பல ஆராய்ச்சி மாணவர்களைப் பயிற்றுவித்தார்.

இவ்வாராய்ச்சியின் முதற்படி பரிசோதனைச் சாலைக்கு வெளியே உள்ளது. தவறான செடி வந்து சேருமாயின், மாணவர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு வீணாகும். செடியின் பெயரும் நிலையானதன்று. மேற்சொன்ன ராவுல்பியா கனெசென்ஸ் இன்று ராவுல்பியா டெட்ராபில்லா என வழங்கப்பெறுகிறது. ஆகவே, செடிகளைச் சேகரிக்கும் களப்பணியாளர் பூவும் இலையும் கூடிய மாதிரியொன்றை உலர்த்தி, இடமும் தேதியும் குறித்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது. பெயர் மாறினும் மாதிரி சான்றாக நிற்கும்.

ஆசிரியர்களும் இதில் பங்குகொள்ளலாம். படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, மீண்டும் படிகமாக்கச் செய்தால், தூய்மை என்பது பொறுமையால் பெறப்படுவது என்பதை மாணவர் பள்ளியிலேயே உணர்வர்.