உஷார்! கடித்தது தெரியாது, வயிறுதான் வலிக்கும்!

தரையில் பாய் விரித்துப் படுக்கிற வீடா உங்களுடையது? இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாம்பு கடித்தால் சுரீர் என்று வலிக்கும், வீங்கும், ரத்தம் வரும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? கட்டுவிரியனிடம் அந்தக் கணக்கு செல்லாது. வலி இருக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட இடம் கொசு கடித்த மாதிரிகூடத் தெரியாது. பல பேருக்குத் தூக்கமே கலைவதில்லை!

டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஐப்பசி மழை, கரண்ட் கட். கொல்லைக் கதவு ஓரம் காற்று வரும் என்று பாயை அங்கே போட்டுப் படுத்திருக்கிறார் ஒரு அம்மா. நடுராத்திரியில் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார். விடிந்ததும் மகள் காபி கொடுத்தாள். வாயில் ஊற்றிய காபி கடைவாய் வழியாக வழிந்தது. கண்ணிமை பாதிக்கு மேல் ஏறவில்லை. “தூக்கம் கலையலையாம்மா?” என்று கேட்டாள் மகள். பேச்சு குழறியது.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனார்கள். கேஸ் டிரபிள் என்று ஊசி. அதில் இரண்டு மணி நேரம் போச்சு! அதற்குப் பிறகு போன பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “ராத்திரி தரையிலயா படுத்தாங்க?”

வெண்டிலேட்டரில் பல நாள் கிடந்து அந்த அம்மா பிழைத்துவிட்டார். அரிசி மூட்டையை நகர்த்தியபோதுதான் வீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கறுப்பாகப் பளபளவென்று, உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு, மூன்றடி நீளத்தில் ஒன்று!

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்த அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்:

• ராத்திரி தூங்கி எழும்போது காரணமே இல்லாமல் வயிற்றுவலி, வாந்தி.
• இமை சொருகுவது. ஒன்று இரண்டாகத் தெரிவது.
• எச்சில் விழுங்க முடியாமல் போவது, பேச்சுக் குழறல்.
• கழுத்து நிற்காமல் தொங்குவது, மூச்சுத் திணறல்.

இதில் ஒன்று தெரிந்தாலும், கடிவாயைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108! நரம்பைத் தாக்கும் விஷம் அது. மூச்சு விடும் தசை செயலிழந்த பிறகு விஷமுறிவு மருந்து மட்டும் போதாது, செயற்கை சுவாசமும் வேண்டும். அறிகுறி தெரியவே சிலருக்குப் பல மணி நேரம் ஆகும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் திரும்பி வராதீர்கள்.

செய்யவே கூடாதவை: கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பச்சிலைச் சாறு, தண்ணீர், காபி எதுவும் புகட்டாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பிடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவதுதான் மிச்சம்!

செய்ய வேண்டியவை: பயமுறுத்தாமல் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். நடக்க விடாதீர்கள். விஷமுறிவு மருந்தும் வெண்டிலேட்டரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். இன்னொன்று: கண்பாவை விரிந்து, கை கால் அசையாமல், உயிர் போய்விட்ட மாதிரியே இருக்கும். அப்படிக் கிடந்தவர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள். நம்பிக்கையை விட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள்!

கட்டுவிரியன் ஏன் வீட்டுக்குள் வருகிறது? எலியும் பல்லியும் தவளையும் வேறு பாம்புகளும் அதற்கு இரை. மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் காய்ந்த இடம் தேடும். நடமாட்டம் எல்லாம் ராத்திரியில்தான். சிந்திய தானியத்தைக் கூட்டுங்கள், எலி வராது. விறகையும் செங்கலையும் சுவரோடு அடுக்காதீர்கள். கதவு அடி இடுக்கைத் துணி வைத்து அடையுங்கள். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

பட்டை போட்ட பாம்பெல்லாம் கட்டுவிரியன் அல்ல. வெள்ளிக்கோல் வரையனும் அப்படித்தான் இருக்கும், அதற்கு விஷம் இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. பாம்பைக் கண்டால் விலகி நின்று, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். இல்லையா? கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். செலவு குறைவு, கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. இன்றைக்கே செய்யுங்கள்!