கார் இருக்கையும் இடுப்பு வலியும்

செம்பனைக் காட்டில் குலை தூக்கி நொந்த இடுப்பு, பழைய காரில் பட்டணம் போய்வந்தால் மேலும் நோகிறதா? புது இருக்கை வாங்குமுன் பழையதைச் சோதியுங்கள். உட்கார்ந்ததும் உடல் புதைந்தால், உள்ளே ஸ்பாஞ்சு நைந்திருக்கும். அல்லது கம்பிச்சுருள் தளர்ந்திருக்கும். குஷன் கடையில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஓட்டுபவர், பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்திக்கொள்ளட்டும்.

ஆனால், பள்ளத்தை மறைக்கத் தடித்த தலையணை போட்டு உட்காராதீர்கள். மோதலில் அது அமுங்கி வழுக்கும். இடுப்பெலும்பில் பதிய வேண்டிய இருக்கை வார் வயிற்றுக்கு ஏறிக் குடலை நசுக்கும். மலேசியாவில் 2009 முதல் பின் இருக்கைக்கும் வார் கட்டாயம். ஆகவே, பின்னால் அமரும் பாட்டிக்கும் துண்டே போதும். வலியும் குறையட்டும், உயிரும் நிலைக்கட்டும்.