ஒரே கோரில் தேங்கும் கணக்கு

தேசியப் பங்குச் சந்தையின் வழக்கமான வணிகம் காலை 9.15 மணிக்குத் தொடங்கியதும், வர்த்தக மென்பொருளிலிருந்து எக்செல் தாள்களுக்கு வந்து சேரும் விலைகள் நூற்றுக்கணக்கான கட்டங்களை ஒருசேர மாற்றுகின்றன. அக்கட்டங்களைச் சார்ந்த சூத்திரங்கள் அனைத்தும் மறுபடி கணக்கிடப்பட வேண்டியிருப்பதால், சந்தை மூடியிருந்தபோது தடையின்றி இயங்கிய கணினி திணறத் தொடங்குகிறது. இதற்குத் தீர்வாகக் கோர்கள் மிகுந்த பிராசசரையும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டையும் வாங்குவோர் பலர். செலவுக்கேற்ற பயன் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கோர் என்பது பிராசசருக்குள் தனித்து ஒரு கணக்கை நடத்தவல்ல அலகு. ஒன்றையொன்று சாராத சூத்திரங்களைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் திறன் எக்செல் 2007 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் பங்கு வணிகர்கள் அன்றாடம் பயன்படுத்தும் இ.எம்.ஏ. எனப்படும் நகரும் சராசரியில், நேற்றைய விடை கிடைத்த பின்னரே இன்றைய விடையைக் காண முடியும் என்பதால், அச்சங்கிலியை எத்தனை கோர்கள் இருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே கணக்கிட்டாக வேண்டும், வி.பி.ஏ. மொழியில் எழுதப்படும் மேக்ரோக்களும் அவ்வாறே ஒற்றை இழையில், அதாவது ஒரே தொடர் வரிசையாக, ஓடுகின்றன. இந்த வரம்பைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் விதிப்படி, வேலையில் பாதி வரிசையாகவே நடக்க வேண்டியதெனில், 4 கோர்கள் 1.6 மடங்கு வேகம் தரும்; 16 கோர்கள் சேர்ந்தாலும் அது 1.9 மடங்கை எட்டாது.

இதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே காணலாம். ஒரே நேரத்தில் 16 இழைகளை ஓட்டும் பிராசசரில் எக்செல் உறைந்து நிற்கும்போதும், பிராசசர் பயன்பாடு 6 சதவீதம் அளவிலேயே காட்டப்படுவதுண்டு. நூறைப் பதினாறால் வகுத்தால் வருவது அதுவே: ஓர் இழை முழுமூச்சாக உழைக்க, மற்றவை சும்மா இருக்கின்றன. ஆகவே இத்தகைய பணிக்கு 6 அல்லது 8 கோர்களுடன், ஒவ்வொரு கோரும் மிக வேகமாக இயங்கும் பிராசசரே ஏற்றது. மெல்லிய மடிக்கணினிகள் தொடர்ந்து உழைக்கும்போது சூடேறித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால், நாள் முழுதும் ஓடும் வேலைக்கு மேசைக்கணினியே மேல்.

கூடுதல் கோர்கள் பயன்படும் இடமும் உண்டு. வழக்கமாகத் திறக்கப்படும் எக்செல் கோப்புகள் அனைத்தும் ஒரே இயக்கத்துக்குள் அடங்குவதால், ஒரு கோப்பின் கணக்கு மற்றவற்றையும் காக்க வைக்கிறது; ஆல்ட் விசையை அழுத்தியபடி எக்செலைத் தொடங்கித் தனி இயக்கமாகத் திறந்தால், அக்கோப்பு வேறொரு கோரில் ஓட முடியும்.

நினைவகத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் தரவின் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றுகிறது. ரேம் ஏறத்தாழ 100 நானோ விநாடியில் விடையளிக்க, சுழலும் ஹார்ட் டிஸ்க் 10 மில்லி விநாடி அளவு எடுத்துக்கொள்வதால், வேகம் ஒரு லட்சம் மடங்கு வீழ்கிறது. எஸ்.எஸ்.டி. இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தாலும் ரேமுக்கு ஈடாகாது. பல தாள்களும் வர்த்தக மென்பொருள்களும் பிரவுசரும் ஒருங்கே ஓடுமிடத்தில் 32 ஜி.பி. பொருத்தமான அளவு, அதை ஒரே பட்டையாக வாங்காமல் 16 ஜி.பி. பட்டைகள் இரண்டாகப் பொருத்தினால், பிராசசர் இரு வழிகளில் தரவைப் பெறும். எக்செல் 32 பிட் பதிப்பாக இருந்தால், அதன் ஓர் இயக்கம் 4 ஜி.பி.க்கு மேல் எட்டவே முடியாது என்பதால், 64 பிட் பதிப்புக்கு மாறுவது முதல் வேலை.

எந்த வன்பொருளாலும் நீங்காத தாமதங்களும் உள்ளன. ஆர்.டி.டி. என்னும் நேரடித் தரவு இணைப்பு வழியே வரும் விலைகளை எக்செல், அமைப்பை மாற்றாதவரை, 2 விநாடிக்கு ஒருமுறையே புதுப்பிக்கிறது. ஆஃப்செட், இன்டைரக்ட் போன்ற சார்புகளோ எந்தக் கட்டம் மாறினாலும் தம்மைத் தாமே மறுபடி கணக்கிடச் செய்பவை. அவற்றின் இடத்தில் இயன்றவரை இன்டெக்ஸ் சார்பை அமைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

விலை வரைபடங்களைக் காட்டத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை; வேண்டிய திரைகளை இணைக்கப் போதிய துளைகள் இருந்தால் போதும். அதில் மிச்சமாகும் பணத்தில், மின்தடையைச் சமாளிக்க நல்ல யு.பி.எஸ். வாங்கி, கணினியோடு இணைய ரவுட்டரையும் அதிலேயே இணைத்துவிட வேண்டும்.