ஜெர்மன் காரும் கியூபெக் சட்டமும்: வாரண்டி முடிந்த பிறகும் கேட்கலாம்

மான்ட்ரியலில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பேச்சு குளிரில் ஆரம்பித்து காரில் வந்து நிற்கும். டொயோட்டா, ஹோண்டா வைத்திருப்பவர்கள் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள். பிஎம்டபிள்யூ, ஆடி, பென்ஸ், ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்களிடம்தான் கதை நீளும். "ஓட நல்ல கார் தம்பி, ஆனா நாலு வருசத்துக்கு மேல வச்சிருக்காதைங்கோ" என்று யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சொன்னார். இதையே வேறு வேறு வார்த்தைகளில் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த நாலு வருஷக் கணக்கு சும்மா வந்ததில்லை. இந்த நான்கு கம்பெனிகளும் கனடாவில் தரும் வாரண்டி பொதுவாக 4 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் ஒவ்வொரு ரிப்பேரும் நம் பாக்கெட்டிலிருந்து.

இவை மோசமான கார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது ஒரு ஜெர்மன் கார் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போவது தனி சுகம். பிரச்சினை வேறு. மைலேஜ், புகை விதிகளுக்காக இன்ஜினைச் சின்னதாக்கி, டர்போ வைத்து, சூட்டைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு நடுவே கூலண்ட் ஓடும் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் உறைகளைப் பல மாடல்களில் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். காலையில் மைனஸ் 25, அரை மணி நேரத்தில் பிளஸ் 90. ஒரு மான்ட்ரியல் குளிர்காலத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் கதை இன்னும் வேடிக்கை. 'ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்' என்று பிஎம்டபிள்யூ போன்றவர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அப்படியென்றால் யாருடைய ஆயுள்? ஃபோக்ஸ்வேகன் 2013 நவம்பரில், ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்ற, உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் மின்சுற்றுப் பழுது வரலாம் என்பது காரணம். சென்னையில் டிஎஸ்ஜி கார் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதாக இருக்காது.

இனி டீலர். பிராண்ட் பெயர் வேண்டாம். ஐந்து வருடம் ஆன என் காரில், 92,000 கிலோமீட்டரில் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. 2,100 டாலர் எஸ்டிமேட். சர்வீஸ் அட்வைசர் சிரித்த முகத்தோடு, "வாரண்டி முடிஞ்சுபோச்சு, பிரீமியம் கார் சார், பிரீமியம் பார்ட்ஸ்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

கியூபெக் சட்டம் இதே 'பிரீமியம்' என்ற சொல்லை நேர் எதிராகப் படிக்கிறது. இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு என்ன சொல்கிறது? விற்ற பொருள் சாதாரணப் பயன்பாட்டில் நியாயமான காலம் உழைக்க வேண்டும். அந்தக் காலத்தை அதன் விலை, ஒப்பந்தம், பயன்படுத்திய விதம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும். விலையும் ஓர் அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். அறுபதாயிரம் டாலர் வாங்கியவர், முப்பதாயிரம் டாலர் காரின் பம்ப்பைவிடத் தன் பம்ப் சீக்கிரம் போனால் அது சகஜம் என்று சொல்ல முடியாது. கம்பெனி வாரண்டி முடிந்தாலும் இந்தச் சட்ட வாரண்டி தொடரும். டீலரிடம் மட்டுமல்ல, தயாரிப்பாளரிடமும் கேட்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவரும் தயாரிப்பாளரிடம் கேட்கலாம்.

இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. ஃபில் எட்மன்ஸ்டன் என்பவர் 1969-ல் மான்ட்ரியலில் வாகன உரிமையாளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். துருப்பிடித்த ஃபோர்டு கார்காரர்களைத் திரட்டிப் போராடினார். பிறகு எம்.பி.யும் ஆனார். 1979-ல் ஜெனரல் மோட்டார்ஸ் எதிர் கிராவிட்ஸ் வழக்கில், டீலரிடம் வாங்கிய காரின் மறைந்த குறைக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் செய்தது இதுதான். ரிப்பேருக்கு முன்பே வெளி மெக்கானிக் ஒருவரிடம் எழுத்தில் அபிப்பிராயம் வாங்கினேன். சர்வீஸ் ரசீதுகளை இணைத்து, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். மூன்று வாரத்தில் போன் வந்தது. சட்டம் என்ற வார்த்தையே அவர்கள் வாயில் வரவில்லை, 'குட்வில்' என்றார்கள். பார்ட்ஸ் முழுக்க அவர்கள் செலவு, கூலியில் பாதி என்னுடையது. நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துவராவிட்டால் சிறு வழக்குகள் பிரிவு இருக்கிறது: 15,000 டாலர் வரை, பொதுவாக வக்கீல் கிடையாது, இலவச சமரசமும் உண்டு.

என்னை உறுத்துவது, கார் வாங்கும் அன்று ஃபைனான்ஸ் அறையில் விற்கும் நீட்டிப்பு வாரண்டி. அதை விற்கும் முன், சட்ட வாரண்டி ஏற்கெனவே இருக்கிறது என்று வாயாலும் எழுத்தாலும் சொல்ல வேண்டும் என்பது 2010 முதல் கியூபெக்கில் விதி. கையெழுத்துப் போடும் பத்துப் பதினைந்து தாள்களில் அதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. பிரெஞ்சு சரியாக வராத நம் ஆட்களுக்கு அது காதில் விழுவதே இல்லை.

புதுக் கார் என்றால் 2023 அக்டோபரில் இன்னொன்றும் வந்தது. 3 வருடம், 60,000 கிலோமீட்டருக்குள் ஒரே பழுதை மூன்று முறை சரிசெய்தும் தீரவில்லை, அல்லது கார் 30 நாளுக்கு மேல் ஒர்க்ஷாப்பிலேயே நின்றது, அல்லது வேறு வேறு பழுதுகளுக்காகப் பன்னிரண்டு முறை ரிப்பேர் என்றால், அந்தக் காரை 'கடும் குறையுள்ளது' என்று நீதிமன்றம் அறிவிக்கலாம். காரின் பயன் பெரிதும் குறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படி ஒரு சட்டம் கனடாவில் இதுவே முதல். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவின் 2019 நுகர்வோர் சட்டம் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது, நல்லது. ஆனால் கார்களுக்கென்று இத்தனை முறை, இத்தனை நாள் என்ற கணக்கு அதில் இல்லை. ஒவ்வொருவரும் தன் கார் மோசம் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதத் தயங்குபவர்களுக்கு: கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் தளத்தில் மாதிரிக் கடிதம் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பழுதுபார்க்கும் முன்பே அனுப்புங்கள். முதலில் காசு கட்டிவிட்டுப் பிறகு கேட்டால், சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே என்பார்கள். காரை விடும்போதே, கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் காசில் நடக்கும் ரிப்பேர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, கொடுத்தே ஆக வேண்டும். என் பழைய வாட்டர் பம்ப், விரிசலோடு, இன்னும் கராஜில் ஒரு ஷூ பெட்டிக்குள் இருக்கிறது.